கெர்மிட்டின் கை மாறியது: உங்களால் ஏற்றுக்கொள்ள முடிந்ததா?

பழைய கேசட் (இழையைத் தொடங்கியவர்)

2017 ஜூலையில் வந்த அந்தச் செய்தியை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் மறைந்த 1990 முதல், அந்தக் கூட்டத்தின் கெர்மிட் தவளைக்குக் கையும் குரலுமாக இருந்த ஸ்டீவ் விட்மயர் நீக்கப்பட்டார். மேட் வோகல் அந்த இடத்துக்கு வந்தார். நீக்கம் உண்மையில் 2016 அக்டோபரிலேயே நடந்துவிட்டது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது மாதம் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

நான் வோகலைக் குறைசொல்ல வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ‘புதியவரின் குரல் ஒட்டவில்லை’ என்பதில் போய் நின்றுவிடுகிறது. கலைஞர் மாறுவது இயற்கை. மனிதர்களுக்கு வயதாகிறது, உடல் தளர்கிறது, இறக்கிறார்கள். பொம்மைக்கு அதெல்லாம் கிடையாது. ஆகவே ஒருநாள் கை மாறித்தான் ஆக வேண்டும்.

என் மனத்தில் தைத்திருப்பது மாற்றிய விதம். பாத்திரத்தை இத்தனை காலம் சுமந்தவர் உயிரோடு, உடல்நலத்தோடு இருக்கும்போது, அவர் அடுத்தவருக்கு ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்காமல் பொம்மை கைமாறியிருக்கிறது. ஹென்சன் தன் கையில் வைத்திருந்த நுணுக்கங்களை விட்மயர் 1978 முதல் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அந்தத் தொடர்ச்சி ஒரு தொலைபேசி அழைப்போடு அறுந்துபோனது. டிஸ்னி 2004-இல் மப்பெட்களை வாங்கியது. சட்டப்படி எல்லா உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் விலைக்கு வாங்கிய பட்டியலில் அந்த நுணுக்கம் இருந்திருக்காது.

உங்கள் கருத்தை எழுதுங்கள். வோகலை ரசிக்கிறவர்களும் எழுதுங்கள்.

ஒலிக்கூடம்

நான் ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவன். குரலைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மப்பெட் மரபில் குரல் கொடுப்பவரும் பொம்மையை ஆட்டுபவரும் ஒரே ஆள். இதுதான் அந்தப் பொம்மைகளுக்கு உயிர் வந்த இடம். ஒருவர் ஆட்டி, இன்னொருவர் பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசினால் அந்த ஒட்டுதல் வராது.

கெர்மிட்டின் தலைக்குள் இயந்திரம் எதுவும் இல்லை. துணியும் அதற்குள் ஒரு கையும்தான். முகம் சுருங்குவது, வாய் ஓரமாகக் கோணுவது, அவமானத்தில் உதடு உள்ளே மடங்குவது எல்லாம் விரல்களின் வேலை. கைகளில் மெல்லிய கம்பிகள் இருக்கும். அவற்றை மற்றொரு கை பிடித்திருக்கும். கலைஞர் கீழே ஒளிந்துகொண்டு தலைக்கு மேலே கையைத் தூக்கியபடி, கேமரா காட்டுவதை ஒரு மானிட்டரில் பார்த்துக்கொண்டே ஆட்டுகிறார். அது கண்ணாடி போல இடவலம் மாற்றிக் காட்டாது. பொம்மையை இந்தப் பக்கம் திருப்பினால் திரையில் அந்தப் பக்கம் போவதுபோலத் தோன்றும். இது பழகவே வெகுகாலம் பிடிக்கும்.

வாயசைப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புதிதாகப் பழகுகிறவர் ஒவ்வோர் அசைக்கும் மேலே இருக்கும் நான்கு விரல்களைத் தூக்குவார். பொம்மையின் தலை பின்னால் பின்னால் சாய்ந்து, ஏதோ கொத்தித் தின்பதுபோல இருக்கும். தேர்ந்தவர் கட்டைவிரலைக் கீழே இறக்குவார். தாடை மட்டும் அசையும், கண் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி மூவரையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டே பார்க்கலாம். ஹென்சனின் கெர்மிட் சும்மா இருக்கும்போதும் ஏதோ கணக்குப் போடுகிறது. அடுத்து எது இடிந்து விழப்போகிறது என்ற பதற்றம் கழுத்தில் தெரியும். விட்மயரின் கெர்மிட் எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்கிறது. தலையை லேசாகச் சாய்த்து, அவர் முடிக்கும்வரை காத்திருக்கும். வோகலின் கெர்மிட் சுத்தமாக, நேர்த்தியாக அசைகிறது. தொடக்கத்தில் அந்த நேர்த்தியே கொஞ்சம் அதிகமாக இருந்தது என்பது என் கருத்து. தப்பு வந்துவிடக் கூடாது என்று ஒருவர் நினைத்துக்கொண்டே ஆடுவது பார்க்கிறவருக்குத் தெரியும்.

குரல் மூவருக்கும் வேறுதான். வேறாகத்தான் இருக்கும். காது ஒரு வருடத்தில் பழகிக்கொள்ளும். கை விஷயத்தில் கண் அத்தனை எளிதில் சமாதானம் ஆகாது.

டொராண்டோ அக்கா

தம்பி பழைய கேசட், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1990-ஐ நேரில் கடந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். இன்று விட்மயருக்காக வருந்துகிற அளவுக்கு அன்று விட்மயரை எதிர்த்தவர்களும் உண்டு. ஹென்சன் அந்த மே 16-ஆம் தேதி 53 வயதில் திடீரென்று போனார். பாக்டீரியா தொற்று, சில நாள்களில் எல்லாம் முடிந்துவிட்டது. யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க அவருக்கும் நேரம் இருக்கவில்லை.

நியூயார்க்கில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு யாரும் கறுப்பு உடுத்தி வரக் கூடாது என்று அவரே எழுதிவைத்திருந்தார். அங்கே கெர்மிட் வரவில்லை. குழந்தைகளுக்கான செசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சியின் பெரிய பறவையான பிக் பேர்டாகக் கேரல் ஸ்பின்னி தனியாக நடந்து வந்து, கெர்மிட்டின் பாட்டைப் பாடினார். பச்சையாக இருப்பது சுலபமில்லை என்ற அந்தப் பாட்டு. முடித்துவிட்டு ‘நன்றி, கெர்மிட்’ என்றார். அந்தக் காட்சியைக் கண் கலங்காமல் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

அதே ஆண்டு நவம்பரில் தொலைக்காட்சியில் ஓர் அஞ்சலி நிகழ்ச்சி வந்தது. மப்பெட்களுக்கு ஜிம் ஹென்சன் யார் என்றே தெரியாது. அவருக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தும்படி கெர்மிட் சொல்லி அனுப்பியிருக்கிறது, ஆனால் கெர்மிட் ஊரில் இல்லை. குழந்தைகள் எழுதிய கடிதங்களைப் படிக்கும்போதுதான் அவர் இறந்துபோனது அவற்றுக்குத் தெரியவருகிறது. குட்டித்தவளை ராபின் பாடத் தொடங்க, ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். பாட்டு முடிந்த பிறகே கெர்மிட் உள்ளே வருகிறது. அதுதான் விட்மயரின் முதல் கெர்மிட். நிகழ்ச்சியின் பெரும்பகுதியைத் தவளை இல்லாமல் நடத்தி, நாம் அழுது முடித்தபிறகு அழைத்து வந்தார்கள்.

2017 ஆகஸ்டில் வோகலின் கெர்மிட் வந்தது யூடியூபில், ஒரு குட்டி வீடியோவில். செப்டம்பரில் ஹாலிவுட் பௌல் அரங்கில் மேடையேறிவிட்டார்கள். எதுவும் நடக்காததுபோல. எனக்கு வேதனை தந்தது இதுதான். ரசிகர்களுக்குத் துக்கம் காக்க ஒரு மணி நேரம்கூடத் தரவில்லை.

மணல்மேடு

இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

விட்மயரை டிஸ்னி மட்டும் வெளியேற்றவில்லை. ஹென்சன் குடும்பமே அந்த முடிவுக்குப் பின்னால் நின்றது. மகன் பிரையன், மகள்கள் லிசா, ஷெரில் மூவரும் வெளிப்படையாகப் பேசினார்கள். பிரையன் சொன்னதைக் கவனியுங்கள்: மேடையில் விட்மயரின் கெர்மிட் நன்றாகத்தான் இருந்தது, சில நேரம் மிக நன்றாகவே இருந்தது, சிக்கல் வெளியே. ‘கெர்மிட் இதைச் செய்யமாட்டான்’ என்று தொடங்கிக் கடைசியில் ‘இப்போது நான்தான் கெர்மிட், மப்பெட்கள் வேண்டுமானால் என்னைத் திருப்திப்படுத்துங்கள்’ என்ற நிலைக்குப் போனார் என்றார். டிஸ்னிக்கு விற்பதற்கு முன்பே தான் ஆளை மாற்றியிருக்க வேண்டும் என்று வருந்தவும் செய்தார். லிசா சொன்னது இன்னும் கனமானது. கெர்மிட்டுக்கு மாற்றுக் கலைஞர் ஒருவரைப் பழக்குவதை விட்மயர் எதிர்த்தார் என்பதே அவர் குற்றச்சாட்டு.

இது உண்மையானால் பழைய கேசட் எழுதியதன் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. ‘சொல்லிக்கொடுக்க வாய்ப்புத் தரவில்லை’ என்கிறீர்கள். வாய்ப்பு வந்தபோது அவர் மறுத்திருந்தால்? பல ஆண்டுகளாக நடத்தை பற்றி எச்சரித்தும் பயனில்லை என்று நிறுவனம் அறிக்கை விட்டது. ஒரு பாத்திரத்தின் மீது அன்பு வைப்பதும் அதைத் தன் சொத்தாக நினைப்பதும் வேறு வேறு. கெர்மிட் விட்மயருக்கும் சொந்தமில்லை.

பழைய கேசட்

மணல்மேடு, லிசா ஹென்சன் சொன்னதை நானும் படித்தேன். விட்மயர் தன் வலைப்பதிவில் எழுதியதையும் படியுங்கள். அந்தத் தொலைபேசி அழைப்பில் இரண்டு காரணங்கள் சொன்னார்கள், அவை அதற்கு முன் தன்னிடம் சொல்லப்பட்டதே இல்லை, தீர்த்துக்கொள்ள வழிகள் முன்வைத்தும் கேட்கவில்லை என்கிறார். நாம் யாரும் அந்த அறைகளில் இல்லை. ஆகையால் யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதை விட்டுவிடுகிறேன்.

வெளியே தெரிந்த ஒரு சண்டையை மட்டும் எடுக்கிறேன். 2015-இல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த தொடர். கெர்மிட்டும் அதன் காதலியான பன்றி மிஸ் பிக்கியும் பிரிந்துவிட்டதாகக் கதை. அந்தப் பிரிவை உறவுக்காரச் சிறுவன் ராபினிடம் சொல்லும் இடத்தில் கெர்மிட் பொய் சொல்வதாக எழுதியிருந்தார்கள். குழந்தையிடம் கெர்மிட் பொய் சொல்லாது என்று விட்மயர் மறுத்தார். அவர் வேலைக்கு உலைவைத்த சண்டைகளில் இதுவும் ஒன்று.

என்னைக் கேட்டால் அந்த இடத்தில் அவர் நூற்றுக்கு நூறு சரி. டொராண்டோ அக்கா எழுதிய அஞ்சலி நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். சாவையே மறைக்காமல் சொன்ன பொம்மைகள் அவை. அந்தக் கூட்டத்தின் தலைவன், தன் காதல் முறிவை ஒரு சிறுவனிடம் மறைக்கப் பொய்யா சொல்வான்? எழுத்தாளர் அறையில் இருந்தவர்களுக்கு அது ஒரு காட்சி. விட்மயருக்கு அது ஆளின் குணம். தொடர் 16 அத்தியாயங்களோடு நின்றது. அது நின்றது அந்த ஒரு வரியால் அல்ல என்று தெரியும். ஆனால் மக்கள் ‘இது நம் கெர்மிட் இல்லை’ என்று உணர்ந்த இடமும் அவர் எச்சரித்த இடமும் ஒன்றுதான்.

மணல்மேடு

விட்மயரின் அந்தக் கெர்மிட்டைப் பற்றித்தான் ஷெரில் ஹென்சனும் பேசினார். கெர்மிட்டைக் கசப்பும் எரிச்சலும் சோர்வும் நிறைந்த ஆளாக விட்மயர் நடித்தார் என்பது அவருடைய புகார். ஒரே கெர்மிட். கெட்டது எழுத்தாலா கையாலா என்பதில் குடும்பத்துக்கும் கலைஞருக்கும் நேர் எதிரான பார்வை. நான் அந்தத் தொடரின் அத்தியாயங்களை மறுபடி பார்த்தேன். வசனம் மோசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெருமூச்சு எல்லாம் வசனத்தில் எழுதப்பட்டிருக்காது.

இரு பிள்ளைகளின் தாய்

என் பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. அவர்களுக்கு வோகலின் குரல்தான் கெர்மிட். பழைய படங்களைப் போட்டுக் காட்டினால் ‘ஏன் தொண்டை கட்டியிருக்கிறது’ என்று கேட்கிறார்கள். அவர்கள் சிரிக்கிற இடத்தில்தான் நானும் அந்தக் காலத்தில் சிரித்தேன். என்னளவில் இதற்கு மேல் ஒரு சான்று தேவையில்லை. இருப்பினும் விட்மயருக்கு நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிகிறது.

நாஞ்சில் நாட்டான்

எங்கள் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். திரைக்குப் பின்னால் ஒருவரே உட்கார்ந்து இராமன், இராவணன், சீதை எல்லாருக்கும் பேசுவார், பாடுவார், பாவையும் ஆட்டுவார். கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் சிறுவர்கள் எழுந்து நிற்பார்கள். குடும்பத்தார்தான் பக்கவாத்தியம். சின்ன வயதிலிருந்தே மகன் விளக்குக்குப் பக்கத்தில் இருப்பான், பாவையை எடுத்துக் கொடுப்பான், கேட்டுக்கொண்டே வளர்வான். அப்பாவுக்குத் தொண்டை போகும் நாளில் அவன் பேசத் தொடங்குவான். ‘உளுவத்தலையனை மாற்றிவிட்டார்கள்’ என்று எந்த ஊரும் சண்டைக்குப் போனதாக நான் கேட்டதில்லை.

அங்கே பாவை வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அமெரிக்காவில் பெட்டி ஒருவரிடமும் கை இன்னொருவரிடமும் இருக்கிறது. உங்கள் சண்டை முழுக்க இதிலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

ஒலிக்கூடம்

நாஞ்சில் நாட்டான் ஐயா, அருமையான குறிப்பு. ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்க்கிறேன். தோல்பாவைக்கு முகம் அசையாது. நிழல் வழியாகப் பார்க்கிறோம். பாத்திரத்தின் உயிர் பெரும்பாலும் குரலில் இருக்கிறது. ஆகவே குரலும் பாட்டும் வந்துவிட்டால் மகன் பாதிக்கு மேல் கடந்துவிடுவான். கெர்மிட்டில் கேமரா ஓரடி தூரத்தில் நிற்கிறது. உள்ளே இருக்கும் விரல் எலும்புகளின் வடிவம்கூடத் துணியில் தெரியும். ஒருவருடைய கை இன்னொருவருடையதைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் தவளைக்கு முகமே மாறுகிறது. இதை எந்தப் பயிற்சியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. வோகலை ஏற்காதவர்கள் ‘ஏதோ ஒன்று வேறு மாதிரி’ என்று சொல்லிவிட்டு விளக்கமுடியாமல் திணறுவது இதனால்தான்.

மஞ்சள் இறகு

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மேட் வோகல் கெர்மிட்டை மட்டும் பெற்றவர் இல்லை. பிக் பேர்டையும் அவர்தான் பெற்றார். ஒரே மனிதர், இரண்டு வாரிசுரிமைகள். இரண்டும் நடந்த விதத்தை அருகருகே வைத்துப் பாருங்கள்.

பிக் பேர்ட் எட்டு அடிக்கு மேல் உயரம். உள்ளே நிற்பவர் வலக்கையைத் தலைக்கு மேலே நிமிர்த்தித் தூக்கிக்கொள்ள வேண்டும். பறவையின் தலை அந்தக் கையில்தான் இருக்கிறது. சுண்டுவிரல் இழுக்கும் நெம்புகோலில் கண்ணிமை அசைகிறது. வெளியே எதுவும் தெரியாது. நெஞ்சில் கட்டியிருக்கும் குட்டி மானிட்டரைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், ஆட வேண்டும், குழந்தைகளோடு பேச வேண்டும். கேரல் ஸ்பின்னி இதை 1969 முதல் செய்தார்.

வோகல் தொண்ணூறுகளிலேயே அவரிடம் பழகச் சேர்ந்துவிட்டார். ஸ்பின்னியால் முடியாத நாளில் இவர் உள்ளே போவார். 2015 வாக்கில் ஸ்பின்னிக்கு உடல் சமநிலை தடுமாறத் தொடங்கியது. அப்போது என்ன செய்தார்கள்? வோகல் உடைக்குள் ஆட, ஸ்பின்னி வெளியே உட்கார்ந்து குரல் கொடுத்தார். ஒலிக்கூடம் சொன்ன ‘ஒரே ஆள்’ மரபை அவர்களே தளர்த்தினார்கள், ஒரு பெரியவர் மெல்ல இறங்குவதற்காக. 2018 அக்டோபரில் அவர் ஓய்வு பெற்றபோது ரசிகர்களிடையே அழுகை இருந்தது, ஆத்திரம் இல்லை. 2019 டிசம்பரில் அவர் மறைந்தார். பறவை தொடர்கிறது.

அதே நிகழ்ச்சியில் எண்களை எண்ணும் கவுன்ட் பாத்திரத்திலும் இதே கதைதான். ஜெரி நெல்சனுக்கு உடல்நலம் குன்றிய பிறகு வோகல் ஆட்டினார், நெல்சன் பேசினார். 2012-இல் நெல்சன் இறந்த பிறகுதான் குரலும் வோகலுக்கு வந்தது.

ஆக, இந்த மனிதர் முதியவரின் பக்கத்தில் அமர்ந்து கற்கத் தெரிந்தவர். தன் பெயர் திரையில் பெரிதாக வராமல் ஆண்டுக்கணக்கில் இன்னொருவரின் பறவைக்குக் கை கொடுத்தவர். அவரிடம் கெர்மிட்டையும் அப்படிக் கொடுத்திருக்க முடியும். கற்கும் ஆள் தயாராகத்தான் இருந்தார். கற்றுக்கொடுக்கும் ஆள் மறுத்தாரா, கேட்கப்படவே இல்லையா என்பதில்தான் பழைய கேசட்டும் மணல்மேடும் மோதுகிறீர்கள். எப்படி இருந்தாலும் இழப்பு வோகலுக்கும்தான். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, யாருடைய ஆசியும் இல்லாமல் அந்தப் பொம்மையைக் கையில் மாட்டியிருக்கிறார். முதல் வீடியோவில் அவர் கெர்மிட் விறைப்பாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

டொராண்டோ அக்கா

மஞ்சள் இறகு, இந்தப் பதிவுக்காகவே இந்த இழை திறந்திருக்க வேண்டும். வோகல் மீது எனக்கு இருந்த மனத்தாங்கலில் பாதி இன்று குறைந்தது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஸ்பின்னிக்கு அந்த அவகாசம் கிடைத்தது செசமி ஸ்ட்ரீட்டில், மப்பெட்களை விலைக்கு வாங்கிய நிறுவனத்தில் அல்ல. இரண்டு வீடுகளும் ஹென்சனின் பொம்மைகளை வைத்திருக்கின்றன. ஒரு வீட்டில் கலைஞருக்கு வயதாக இடம் இருந்தது.

மணல்மேடு

ஸ்பின்னி தன் இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பொறுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அக்கா. இறங்க இடம் கொடுப்பது வீட்டின் கடமை என்றால், இறங்குவது கலைஞரின் கடமை. விட்மயர் அதைச் செய்யவில்லை என்று ஹென்சனின் பிள்ளைகளே சொல்லும்போது என்னால் அதைத் தள்ள முடியவில்லை.

பழைய கேசட்

மஞ்சள் இறகு எழுதிய பிறகு என் கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்க முடிகிறது. விட்மயர் மறுத்தார் என்றே வைத்துக்கொள்வோம், மணல்மேடு. மறுக்கிற ஒருவரை அருகில் அழைத்து, ‘ஸ்பின்னியைப் பார், நெல்சனைப் பார், நீயும் ஒருவரைப் பழக்கு, உன் இடம் போய்விடாது’ என்று உத்தரவாதம் கொடுத்தார்களா? அவருக்கு முன்னால் இருந்த உதாரணம் ஹென்சன். கடைசி மூச்சு வரை கெர்மிட்டை வைத்திருந்தவர். விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயம் ஒரு ஒப்பந்தக் கலைஞனுக்கு வராமல் இருக்குமா? கடைசியில் அந்தப் பயம் பொய்யும் ஆகவில்லை.

மணல்மேடு

அந்த உத்தரவாதம் கொடுக்கப்பட்டதா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். விட்மயரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் உடன்படவில்லை.

இரு பிள்ளைகளின் தாய்

ஒலிக்கூடம் சொன்னபடி ஒலியை அணைத்துவிட்டு 1990 அஞ்சலியின் கடைசிக் காட்சியையும் ஹாலிவுட் பௌல் மேடையையும் பார்த்தேன். பெரியவனும் கூட இருந்தான். முதலாவதில் கெர்மிட் உள்ளே வரும்போது நடை மெதுவாக இருந்தது. அழுதவர்களுக்கு மத்தியில் வருகிற ஆள் அப்படித்தான் வருவார். அடுத்ததில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. பையன் ‘இரண்டும் ஒரே தவளைதான், அன்றைக்கு அதற்கு ஏதோ வருத்தம்’ என்றான்.

ஒலிக்கூடம்

அம்மா, உங்கள் மகனிடம் 1979-இல் வந்த முதல் மப்பெட் திரைப்படத்தின் தொடக்கத்தையும் ஒலியில்லாமல் காட்டுங்கள். சதுப்பு நிலத்தில் மரக்கட்டை மேல் கெர்மிட் பான்ஜோ வாசிக்கும் காட்சி. ஹென்சன் தண்ணீருக்கு அடியில் ஓர் உலோகத் தொட்டிக்குள் மடங்கி உட்கார்ந்து, கையை மட்டும் மேலே நீட்டி ஆட்டினார். அது பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே பாடும் தவளை. அதையும் பார்த்துவிட்டு அவன் என்ன சொல்கிறான் என்று இங்கேயே எழுதுங்கள்.